துடைப்பம் எல்லார் கையிலும்

ஜூலை மாதத்துக் காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரில் அரைகுறையாகத்தான் விடிந்திருக்கும். தெருவிளக்கு அணையாத நடைபாதையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சீருடை குறைவு. வெல்க்ரோ ஒட்டுவைத்த வேட்டியில் ஒரு சீனப் பையன், நாலு அடிக்கு ஒருமுறை இடுப்பைத் தொட்டுப் பார்த்தபடி நடந்தான். பட்டுப் பாவாடையில் ஒரு மலாய்ச் சிறுமி. என் தங்கை மகளின் பெண் சியோங்சாம் என்ற சீன உடையைச் சிவப்பில் போட்டிருந்தாள். அவள் படிப்பது தொடக்கநிலை நான்கு, நம் கணக்கில் நாலாம் வகுப்பு.

அன்று ஜூலை 21, இன நல்லிணக்க நாள். குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. சிராங்கூன் சாலைக்கு வடக்கே, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளுக்கு நடுவில் இருக்கிறது பள்ளி. வாசலில் பாதுகாவலர் என் கடவுச்சீட்டைப் பார்த்துப் பதிந்துகொண்டு, சட்டையில் ஒட்ட ஓர் அட்டை கொடுத்தார். “பேர் போட்டு எழுதாதீங்க சார். எல்லாப் பள்ளியிலும் நடக்கறதுதான் இங்கயும் நடக்குது” என்று தமிழாசிரியை முன்கூட்டியே கேட்டுக்கொண்டதால் பள்ளியின் பெயரை விட்டுவிடுகிறேன்.

கொடிக்கம்பத்தின் கீழே

ஏழரைக்குக் கொடி ஏறியது. நாட்டுப்பண் ‘மஜுலா சிங்கப்பூரா’ மலாய் மொழியில் இருக்கிறது; ஜுபிர் சயித் 1958-இல் இயற்றி இசையமைத்தது. நாட்டில் நான்கில் மூன்று பங்கு சீனர்கள். 2020 கணக்கெடுப்பின்படி மலாய்க்காரர் 13.5 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு. ஆனாலும் பெரும்பான்மையின் மொழியில் இல்லாத நாட்டுப்பண்ணை அத்தனை பிள்ளைகளும் வாய் திறந்து பாடுகிறார்கள். அதைப் பற்றி அங்கே யாருக்கும் வியப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து வலதுகையை முஷ்டியாக்கி நெஞ்சில் வைத்துத் தேசியப் பற்றுறுதி. இன, மொழி, சமய வேற்றுமை பாராமல் ஒன்றாக இருப்போம் என்பது அதன் உயிர்நாடி. அதை எழுதியவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915-இல் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்னம். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். நாடு தனியானதும், பிள்ளைகள் தினமும் சொல்ல ஓர் உறுதிமொழி வேண்டும் என்ற யோசனை கல்வி அமைச்சிலிருந்து வந்தது. அதிகாரிகள் எழுதிய வரைவுகள் ராஜரத்னத்திடம் போயின; 1966 பிப்ரவரியில் அவர் திருத்தி எழுதியதை லீ குவான் யூ செப்பனிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 24 முதல் பள்ளிகளில் சொல்லத் தொடங்கினார்கள். நம் இந்தியப் பிள்ளைகள் சொல்லும் உறுதிமொழியும் அதே காலத்ததுதான். பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் 1962-இல் தெலுங்கில் எழுதியது அது. இரண்டு நாட்டிலும் பிள்ளைகள் தினமும் ஒற்றுமை பேசித்தான் நாளைத் தொடங்குகிறார்கள். கொடிக்கம்பத்தை விட்டு நகர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

தலைமையாசிரியர் பேசியது ஐந்து நிமிடம். இன்று பண்டிகை இல்லை என்பதைத்தான் முதலில் சொன்னார். 1964 ஜூலை 21 அன்று, சிங்கப்பூர் மலேசியாவில் ஒரு மாநிலமாக இருந்தபோது, நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங் திடலிலிருந்து கேலாங்கை நோக்கிப் போனது. வழியில் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கலவரம் மூண்டது. 23 பேர் மாண்டார்கள், 454 பேர் காயப்பட்டார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டு 13 உயிர் போனது. வெட்கப்பட வேண்டிய அந்தத் தேதியைத்தான் 1997 முதல் பள்ளிகள் நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன. வெற்றி கண்ட நாளைக் கொண்டாட எல்லா நாட்டுக்கும் தெரியும். தன் ஊரார் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட நாளைப் பிள்ளைகளின் நாட்காட்டியில் குறித்துவைப்பதற்குத் துணிவு வேண்டும்.

உடை மாற்றிப் போடுவதால் மட்டும் என்ன வந்துவிடும் என்ற கேள்வி சிங்கப்பூருக்குள்ளேயே உண்டு. 2019-இல் மின்னணுப் பணம் செலுத்தும் சேவையின் விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவரே தோலைக் கருப்பாக்கிக்கொண்டு இந்தியராகவும், முக்காடு போட்டு மலாய்ப் பெண்ணாகவும் வந்தார். பெரிய சர்ச்சையாகி விளம்பரத்தை விலக்கிக்கொண்டார்கள். விளம்பரத்தை எடுத்தவர்களில் பலரும் சின்ன வயதில் ஜூலை 21-க்கு வேட்டி கட்டியவர்களாகவே இருந்திருப்பார்கள். “வேட்டி கட்டறது ஒரு நாள் சார். மத்த நாள்ல என்ன செய்யறோம்கறதுதான் முக்கியம்” என்று தமிழாசிரியையே சொன்னார்.

பிரிந்து உட்கார்ந்து ஒற்றுமைப் பாடம்

தாய்மொழி வகுப்பு நேரத்தில் ஒரு வேடிக்கை நடக்கிறது. அதுவரை ஒன்றாக இருந்த பிள்ளைகள் மூன்றாகப் பிரிகிறார்கள். சீனப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருக்க, மலாய்ப் பிள்ளைகள் ஒரு பக்கமும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பக்கமும் போகிறார்கள். மொழிப்பாடத்துக்குப் பிரிவது புரிகிறது. ஆனால் தொடக்கப்பள்ளியில் நற்பண்பும் குடிமையும் கற்பிக்கும் பாடத்தின் ஒரு பகுதி இந்தத் தாய்மொழி வகுப்பில்தான் நடக்கிறது. பிற இனத்தாரை மதிக்கச் சொல்லும் பாடத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டுமே உட்கார்ந்து கற்கிறார்கள்.

இதற்கு அவர்கள் சொல்லும் காரணம், விழுமியம் தாய்மொழியில் சொன்னால்தான் மனதில் ஒட்டும் என்பது. பிறகு வகுப்பாசிரியர் நேரம் ஒன்று தனியாக உண்டு. அதில் எல்லாரும் மறுபடி ஒன்றாகி ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1967-இல் குடிமைப் பாடம் வந்தது. 1974-இல் அதை வரலாறு, புவியியலோடு கலந்து ‘வாழ்க்கைக் கல்வி’ ஆக்கித் தாய்மொழியில் நடத்தினார்கள். 1984-இல் உயர்நிலை மேல்வகுப்புகளில் சமய அறிவு கட்டாயமானது. பைபிள், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், கன்ஃபூசிய நெறி என்று அவரவர் தேர்ந்தெடுத்துப் படித்தார்கள். ஒழுக்கம் வளரும் என்று நினைத்துச் செய்தது சமய வேகத்தையும் இடைவெளியையும் வளர்ப்பதாகத் தெரிந்ததும், 1990 முதல் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். இப்போதைய பாடத்திட்டம் மரியாதை, பொறுப்பு, மீள்திறன், நேர்மை, பரிவு, நல்லிணக்கம் என்ற ஆறு சொற்களில் நிற்கிறது. பாடத்தின் பெயரும் வடிவமும் இத்தனை முறை மாறியதே, பாடமாக மட்டும் வைத்தால் இது பிடிபடாது என்பதற்குச் சான்று.

“காலை வணக்கம் ஆசிரியர்” என்று எழுந்து நின்ற பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் தமிழ் கிடையாது, ஆங்கிலம்தான். ஆசிரியை பாடநூலைத் திறக்காமல் ஒரு கேள்வியைத்தான் போட்டார். “நீ வீட்டிலிருந்து சாம்பார் சாதம் கொண்டுவந்திருக்க. பக்கத்துல இருக்கிற சீனத் தோழி மூக்கைப் பொத்திக்கிட்டா. நீ என்ன செய்வே?”

கை தூக்கியவர்கள் ஏராளம். ஒருத்தி “அழுவேன்” என்றாள். ஒருவன் “ஆசிரியர்கிட்ட சொல்லுவேன்” என்றான். இன்னொருவன், “அவங்க சாப்பாடும் நாறும்னு சொல்லுவேன்” என்றதும் வகுப்பு சிரித்தது; ஆசிரியை சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை, “சொன்னா அடுத்த நாள் பக்கத்துல உட்காருவாளா?” என்று மட்டும் கேட்டார். கடைசி வரிசையில் இருந்த பெண், “கொஞ்சம் சாப்பிட்டுப் பாருன்னு குடுப்பேன். மலாய்த் தோழியா இருந்தா முதல்ல அவ சாப்பிடலாமான்னு கேட்டுட்டுக் குடுப்பேன்” என்றாள். அந்தப் பதிலைத்தான் ஆசிரியை பலகையில் எழுதினார்: முதலில் கேட்டுவிட்டுக் கொடு.

குழந்தைக் கேள்வி என்று இதைத் தள்ள முடியாது. சீனாவிலிருந்து புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்துவீட்டு இந்தியர் சமைக்கும் கறி வாடை தாங்கவில்லை என்று முறையிட்டது. அவர்கள் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது என்று சமரசம் பேசி முடிந்தது. இந்தச் செய்தி 2011-இல் வெளியானபோது ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21 அன்று எல்லாரும் வீட்டில் கறி சமைப்போம் என்று இணையத்தில் அழைப்பு விட்டார்கள். பல்லாயிரம் பேர் சேர்ந்துகொண்டார்கள், சீனர்கள் உட்பட. வகுப்பில் கேட்ட கேள்வி அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அடுக்குமாடியில் குடியிருக்கும்போது கதவைத் தட்டும்.

தட்டு எந்த அடுக்கில்

இடைவேளையில் உணவகத்துக்குப் போனேன். பிள்ளைகள் கையில் காசோடு கடைகளின் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் புதிதாகச் சேர்ந்த தொடக்கநிலை ஒன்றுக்காரர்களை மூத்த வகுப்புப் பிள்ளைகள் கைபிடித்து அழைத்துவந்து, எப்படி வாங்குவது, மீதிக் காசை எப்படி எண்ணுவது என்று காட்டிக்கொடுப்பார்களாம். கடைக்காரரும் ஆன்ட்டி, மேசை துடைப்பவரும் ஆன்ட்டி. உறவுமுறை வைத்துக் கூப்பிடுவதில் எல்லா இனமும் ஒன்று.

என் பேத்தியின் மேசையில் மூன்று விதத் தட்டு. ஒருத்தி கோழிச்சோறு, ஒருத்தி மீன்உருண்டை நூடுல்ஸ், இவள் சைவ பீஹூன். சாப்பிட்டு முடித்ததும் அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். திருப்பி வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுக்கு ஓர் அடுக்கு, மற்றதற்கு ஓர் அடுக்கு. இவள் தோழியின் தட்டையும் சேர்த்து எடுத்து, கை தவறாமல் சரியான அடுக்கில் வைத்தாள்.

நான் இதை ஊன்றிப் பார்த்தேன். நம் ஊரில் ‘தனித் தட்டு’ என்றால் அடுத்தவரை ஒதுக்கிவைக்க. டீக்கடைகளில் தனிக் குவளைக்கு எதிராகப் போராட வேண்டியிருந்த மண்ணிலிருந்து போனவனுக்கு, தட்டுகளைப் பிரித்து வைப்பதைப் பார்த்ததும் உள்ளே சுருக்கென்றது. இங்கே தட்டு பிரிவது ஒருவரின் நோன்பையும் நெறியையும் மற்றவர் காப்பாற்றிக் கொடுப்பதற்காக. மேசை ஒன்றுதான், யாரும் எழுந்து வேறிடம் போகவில்லை. வேற்றுமையை மறைக்காமல், அதற்கு இடம் விட்டு, சேர்ந்து உட்காரப் பழகியிருக்கிறார்கள்.

ஏழு நிமிட வேலை

பள்ளி முடிவதற்கு முன் மணி ஒன்று அடித்தது. அலமாரியைத் திறந்து துடைப்பம், முறம், துணி என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்தார்கள். நாற்காலிகள் மேசைமேல் ஏறின. இருவர் பெருக்க, ஒருவன் பலகையைத் துடைக்க, ஒருத்தி சன்னல் விளிம்பைத் துடைத்தாள். சுவரில் ஒட்டியிருந்த முறைப்பட்டியலில் பெயர்கள் வரிசை எண்படி. வாரம் ஒருமுறை வேலை மாறுகிறது. வகுப்பாசிரியர் சும்மா நின்று மேய்க்கவில்லை; தன் மேசையைத் தானே துடைத்தார். ஏழு நிமிடத்தில் முடிந்தது.

துப்புரவு ஆள் இல்லாமல் இப்படிச் செய்யவில்லை. கல்வி அமைச்சு 2016-இல் எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகள் தினமும் துப்புரவு வேலையில் பங்கெடுக்க வேண்டும் என்று வழக்கமாக்கியது. வகுப்பறை, தாழ்வாரம், உணவகம் பிள்ளைகள் பொறுப்பு. நான் போன பள்ளியில் கழிவறை மட்டும் துப்புரவு ஊழியரிடம். பேத்தியின் வகுப்பில் ஒருவனுக்குத் துடைப்பம் பிடிக்கவே வரவில்லை; குப்பை முன்னால் போகாமல் பக்கவாட்டில் பறந்தது. “அவன் வீட்ல பணிப்பெண் செய்வாங்க, தாத்தா” என்று காதோடு சொன்னாள் பேத்தி. பக்கத்தில் இருந்தவன் வாங்கிப் பெருக்கிவிடவில்லை. பிடித்துக் காட்டிவிட்டுத் திரும்பக் கொடுத்தான்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது இந்த ஏழு நிமிடம்தான். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளை கையில் துடைப்பம் இருந்தால் அது செய்தியாகிறது, ஆக வேண்டியதும்தான். 2022-இல் ஈரோடு மாவட்டத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவவைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார். அங்கே கொடுமை துடைப்பத்தில் இல்லை. யார் கையில் கொடுப்பது என்று பிறப்பைப் பார்த்து முடிவுசெய்ததில் இருந்தது. பட்டியலில் எல்லார் பெயரும் இருந்து, ஆசிரியரும் அதில் இருந்துவிட்டால், அதே வேலை குடிமைப் பாடம் ஆகிவிடுகிறது. சிலர் பெயர் மட்டும் இருந்தால் தீண்டாமைப் பாடம் ஆகிவிடுகிறது. தீண்டாமை குற்றம் என்று நம் பாடநூலின் முன்பக்கத்தில் பல்லாண்டுகளாக அச்சிட்டு வருகிறோம். பக்கத்தைப் புரட்டினால் வகுப்பறையைப் பெருக்குவது யார் என்பதை அச்சிடுவதில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்தே படித்துக்கொள்கிறார்கள்.

சுண்ணாம்புக் கம்பத்தில் ஒரு நடை

சில நாள் கழித்து லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது, வேறொரு பள்ளியின் பிள்ளைகள் கையில் பயிற்சித்தாளோடு ஆசிரியரைச் சுற்றி நின்றார்கள். ‘கற்றல் பயணம்’ என்கிறார்கள் இதை. போகிற வழி என் வழியாகவும் இருந்ததால் கொஞ்சம் பின்னாலேயே நடந்தேன்.

கெர்பாவ் சாலையில் வானவில் நிறத்தில் நிற்கும் வீட்டின் முன் முதல் நிறுத்தம். 1900-இல் டான் டெங் நியா என்ற சீன மிட்டாய் வணிகர் கட்டியது. இந்தியர் பகுதி என்று பெயர்பெற்ற இடத்தின் நடுவில் ஒரு சீன மாளிகை. சிராங்கூன் சாலைக்கு வந்தால் வீரமாகாளியம்மன் கோயில். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் பழைய தமிழர்கள் இந்தப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள்; கம்போங் என்றால் மலாயில் ஊர். கோயிலுக்கும் அந்தப் பெயர் ஒட்டியிருந்தது. ஜப்பானியர் குண்டு போட்டபோது அக்கம்பக்கத்தார் இங்கே வந்து ஒதுங்கினார்கள் என்று ஆசிரியர் சொன்னார். உள்ளே போகுமுன் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். முக்காடு போட்ட சிறுமிகள் இருவர் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. இன்னொரு ஆசிரியை அவர்களோடு வெளியே நின்று கோபுரத்துச் சிலைகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசல். 1907-இல் கட்டத் தொடங்கியது, 1979 முதல் தேசிய நினைவுச்சின்னம். வாசலுக்கு மேலே சூரியன் போன்ற வட்டத்தில் 25 கதிர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில். “எத்தனை கதிர்?” என்பது பயிற்சித்தாளின் கேள்வி. கழுத்தை நிமிர்த்தி எண்ணித் தவறவிட்டு மறுபடி எண்ணினார்கள். முக்காட்டுச் சிறுமிகள் இப்போது முன்னால் வந்து மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னார்கள். கோயில் வாசலில் ஒதுங்கி நின்றவர்கள் இங்கே ஆசிரியராகிவிட்டார்கள்.

கொஞ்சம் தள்ளிக் கம்போங் கபோர் மெதடிஸ்ட் தேவாலயம். மலாய்ப் பண்பாட்டோடு கலந்த பெரனாக்கான் சீனர்கள் மலாய் மொழியில் கிறிஸ்துவை வழிபட்ட சபை அது. 1894-இல் தொடங்கியது, இப்போதைய கட்டடம் 1929-இல் எழுந்தது. தமிழர் வட்டாரத்தில், சீனர், மலாய் பேசி, ஏசுவை வணங்கியிருக்கிறார்கள். இனம், மொழி, சமயம் மூன்றும் ஒரே கட்டாகத்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கட்டடம் போதும். பயிற்சித்தாளில் அந்தக் கேள்வி இருந்ததா என்று தெரியவில்லை, இருந்திருக்க வேண்டும்.

பள்ளியில் நான் பார்த்த கலப்பு இப்படித் தானாக வந்ததல்ல, அரசு வலிந்து கொண்டுவந்தது. 1989 முதல் ஒவ்வொரு வீவக பேட்டையிலும் கட்டடத்திலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு உண்டு. அதனால் பக்கத்துப் பள்ளியிலும் எல்லா இனப் பிள்ளைகளும் சேர்கிறார்கள். இதற்கு விலக்கும் உண்டு. சீன மொழி, பண்பாட்டைக் காக்க 1979-இல் தொடங்கிய சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தாய்மொழியாகச் சீனம் மட்டுமே. அங்கே படிக்கும் பிள்ளைக்கு மலாய்த் தோழனோ தமிழ்த் தோழியோ கிடைப்பது அரிது. கேட்டுவிட்டுக் கொடு என்று பலகையில் எழுதலாம்; கொடுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்கா வேறு ஊர். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த ஊழியர்கள் வாரத்தின் ஒரே விடுமுறையில் பணம் அனுப்ப, காய்கறி வாங்க, ஊர்க்காரரைப் பார்க்க வந்து நிறைகிறார்கள். தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் பிரியாணித் தட்டை நான் மேசையில் விட்டு எழுந்ததும், பக்கத்து மேசையில் அப்பாவோடு இருந்த சிறுவன் “அங்கிள், தட்டு!” என்றான். உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் முதலில் எச்சரிக்கை, மறுபடி செய்தால் 300 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) அபராதம் என்பது 2021 செப்டம்பரிலிருந்து நடைமுறை. அந்தப் பையன் அபராதத்துக்காகச் சொல்லவில்லை. பள்ளி உணவகத்தில் கை பழகியது வாயில் வந்தது.

அதே பையன் வெளியே வந்து புல்தரையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்த ஊழியர்களைப் பார்த்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையின் மறுபக்கம் போனதையும் பார்த்தேன். அப்பாதான் இழுத்தார் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில்தான் சிங்கப்பூரின் பாடம் தடுமாறுகிறது. பற்றுறுதியும் வீட்டு வரம்பும் தாய்மொழி வகுப்பும் குடிமக்களான சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிறர் என்ற நான்கு பிரிவினருக்காக வகுத்தவை. நகரத்தைக் கட்டுகிற, கூட்டுகிற, பிள்ளை வளர்க்கிற வெளிநாட்டு ஊழியர் அந்தக் கணக்கில் இல்லை. 2008-இல் சிராங்கூன் கார்டன்ஸ் குடியிருப்பாளர்கள் தங்கள் வட்டாரத்தில் ஊழியர் விடுதி வேண்டாம் என்று மனு கொடுத்தார்கள். விடுதி வந்தபோது அதற்குத் தனிச் சாலை போடப்பட்டது. 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்தார்; கூட்டம் கொந்தளித்து ஆம்புலன்ஸ் எரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு சிங்கப்பூர் பார்த்த கலவரம் அது. ஐம்பதுக்கும் மேற்பட்டோரைத் திருப்பி அனுப்பினார்கள், லிட்டில் இந்தியா வட்டாரத்தில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. இன்றும் காலையில் இருக்கைப் பட்டை போட்ட பள்ளிப் பேருந்துக்குப் பக்கத்தில், திறந்த லாரியின் தளத்தில் ஊழியர்கள் உட்கார்ந்து போகிறார்கள். பள்ளி வாசலில் பார்த்ததும் இதில் சேரும்: நல்லிணக்க நாளன்றும் பல பிள்ளைகளின் புத்தகப் பை வாசல்வரை பணிப்பெண்ணின் தோளில்தான் வந்தது, வாசலில் கைமாறியது.

தமிழாசிரியையிடம் இதைக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. சமூகத் திட்டங்களில் ஊழியர்களுக்கு வாழ்த்து அட்டை செய்து அனுப்புகிறார்களாம், பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்களாம். “ஆனா அது குடுக்கறது சார். பக்கத்துல உட்கார்றது இல்ல” என்றார். பள்ளிக்கூடத்துக்கு உள்ளே இருப்பவர் சொன்ன இந்த வார்த்தைக்கு மேல் நான் சேர்க்க எதுவுமில்லை.

நமக்கு என்ன

சிங்கப்பூரைப் பார்த்துவிட்டு வந்து ‘அங்கே எல்லாம் சுத்தம், இங்கே எல்லாம் மோசம்’ என்று எழுதுவது எளிது, எழுதியவர்கள் ஏராளம். சிறிய நாடு, கண்டிப்பான அரசு, அபராதம், வீட்டு வரம்பு என்று அங்கே துணை நிற்பவை பல. அவற்றை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது, செய்ய வேண்டியதுமில்லை.

நம்மிடம் அறிவுரைக்குக் குறைவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி காட்டும் கைக்கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, அகரவரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இவற்றில் கடைசியாகச் சொன்னது சிறியதாகத் தெரியும். நான் பார்த்த வகுப்பறையில் வேலை செய்தது அதுபோன்ற சிறியவைதான்: வரிசை எண்படி ஒரு பட்டியல், ஒரே மேசை, தட்டை எடுத்துவைக்கும் கை, கொடுக்குமுன் ஒரு கேள்வி. ஆறு விழுமியங்களையும் அந்தப் பிள்ளைகளிடம் ஒப்பிக்கச் சொன்னால் பாதிப் பேர் திணறுவார்கள். துடைப்பத்தை நீட்டினால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பெற்றோர் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அடுத்த கூட்டம் நடக்கும்போது போங்கள். வகுப்பறையை யார் பெருக்குகிறார்கள், குடிநீர்க் குடத்தை யார் தூக்குகிறார்கள், சத்துணவு வரிசையில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். எல்லார் பெயரும் வரிசை எண்படி எழுதிய பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அதில் தலைமையாசிரியர் பெயர் முதலில் இருக்கட்டும். அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம். ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும்.